பிரெப்போட்டோவின் மிளகு மணக்கும் ஒயின்

கேள்வி இது: "இத்தாலியில் ஒரு சிறு குடும்பத் தோட்டத்தில் வாங்கிய சிவப்பு ஒயினில் அப்படியே மிளகு வாசனை. உள்ளே மசாலா ஏதாவது சேர்க்கிறார்களா? இல்லையென்றால் அது எங்கிருந்து வருகிறது? அதே மாதிரி ஒயினை எப்படித் தேடி வாங்குவது?"

சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி திராட்சையை நொதிக்க வைத்துச் செய்தால்தான் அது ஒயின். மிளகு, கிராம்பு, பட்டை, மூலிகை என்று எதைப் போட்டாலும் அது "மணமூட்டிய ஒயின்" என்ற தனிப் பிரிவுக்குப் போய்விடும். டூரின் நகரத்து வெர்மூத் அந்த வகை. பழைய ரோமானியர்கள் ஒயினில் மிளகும் தேனும் கலந்து குடித்தார்கள், அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் பாட்டிலில் இருந்தது அந்தச் சரக்கு இல்லை. அந்த மணம் திராட்சைத் தோலிலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது பீப்பாயிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பாட்டிலின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை. இத்தாலியில் மிளகு மணத்துக்கென்றே பேர்போன திராட்சை வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்கியோப்பெட்டீனோ. மிளகு அதில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். அதை அழிவிலிருந்து மீட்டதும் ஒரு குடும்பம்தான்.

முதலில் மணத்தின் கதை. ஷிராஸ் திராட்சையில் வரும் மிளகு வாசனைக்கு என்ன காரணம் என்று அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் பல ஆண்டுகள் தேடினார்கள். 2008-இல் விடையை வெளியிட்டார்கள். ரோட்டண்டோன் என்ற ஒரே ஒரு சேர்மம். சேர்மம் புதிதல்ல, 1960-களிலேயே கோரைக்கிழங்கு எண்ணெயில் கண்டெடுத்துப் பெயரும் வைத்திருந்தார்கள். கோரையின் தாவரவியல் பெயர் சைபெரஸ் ரொட்டண்டஸ், அதிலிருந்து வந்த பெயர். வயலில் களையென்று பிடுங்கி எறிகிறோமே, நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் விற்கிறதே, அதே கோரைதான். மிளகிலும் இந்தச் சேர்மம் ஏராளமாக இருக்கிறது. ரோஸ்மேரி, ஓரிகானோ, தைம் போன்ற இலைகளிலும் உண்டு. ஆக, ஒயினில் மிளகு மாதிரி ஏதோ மணக்கிறது என்று மூக்கு சொல்வது கற்பனையோ உவமையோ இல்லை. மிளகில் இருக்கும் அதே மூலக்கூறைத்தான் மூக்கு கண்டுபிடித்திருக்கிறது.

ஆனால் மிளகின் காரம் வேறு பொருள். அது பைப்பரின். ஒயினில் பைப்பரின் கிடையாது. அதனால்தான் வாசனை மிளகாக இருந்தும் நாக்கு எரியவில்லை.

எவ்வளவு இருந்தால் மணக்கும்? சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் போதும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய அளவு என்பதால்தான் அதைப் பிடிக்க அவ்வளவு காலம் ஆனது. அதே ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. முகர்ந்து பார்க்க உட்கார்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. அவர்களுடைய மூக்கில் குறை இல்லை. இந்த ஒரு மூலக்கூறு மட்டும் அவர்களுக்கு எட்டாது. ஒரே பாட்டிலை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் மட்டும் "எங்கே மிளகு? எனக்குப் பழ வாசனைதான் வருகிறது" என்றால், அவர் பொய் சொல்லவில்லை, ஒயின் தெரியாதவரும் இல்லை. இதை அறியாமல் விருந்து மேசைகளில் வீண் சண்டை நிறைய நடக்கிறது.

2011-இல் வட இத்தாலியில் சான் மிக்கேலே அல்லாடிஜே என்ற ஊரிலுள்ள எட்மண்ட் மாஹ் அறக்கட்டளை ஆய்வாளர்கள் தங்கள் பக்கத்துத் திராட்சைகளில் இதே பொருளைத் தேடினார்கள். ஸ்கியோப்பெட்டீனோ, வெஸ்போலீனா, ஆஸ்திரியாவின் வெள்ளைத் திராட்சையான குரூனர் வெல்ட்லீனர் மூன்றிலும் நிறைய இருந்தது. முதல் இரண்டிலும் 16 என்ற அந்த வாசலை பல மடங்கு தாண்டிய அளவுகள். வெஸ்போலீனாவைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தபோது, சதையிலோ விதையிலோ இல்லை, தோலில் மட்டுமே சேர்கிறது என்று தெரிந்தது. காய் நிறம் மாறத் தொடங்கிய பிறகே அது சேர்கிறது. அறுவடை நெருங்க நெருங்கக் கூடுகிறது. பழத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் நொதிக்கும்போது வெளியே வருகிறது. பாட்டில் வரை வந்து சேர்வது ஆறு சதவீதம் அளவுக்குத்தான். மீதி எல்லாம் சக்கையோடு போய்விடுகிறது.

இந்தச் சக்கை விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கியோப்பெட்டீனோவை மீட்டதில் சக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்து இடம். ரோட்டண்டோனுக்கு வெயில் ஆகாது. ஆஸ்திரேலியாவில் தோட்டங்களை வரிசை வரிசையாக அளந்து பார்த்ததில், காயின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நேரம் கூடக்கூட மிளகு குறைவதாகத் தெரிந்தது. நிழல் விழும் கொத்தில் அதிகம், வெயில் படும் கொத்தில் குறைவு. குளிர்ந்த ஆண்டில் அதிகம், அனல் பறந்த ஆண்டில் குறைவு. எனவே தென் இத்தாலியின் வெயில் கொளுத்தும் சமவெளியில் விளைந்த ஒயினில் "மசாலா மணம்" என்று அட்டையில் போட்டிருந்தால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஸ்கியோப்பெட்டீனோவின் சொந்த ஊரான பிரெப்போட்டோ அப்படிப்பட்ட ஊர் அல்ல. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃபிரியூலி மாநிலம், ஊடினே மாவட்டம். ஊரின் விளிம்பில் யூட்ரியோ என்ற சிற்றாறு; அதற்கு அப்பால் ஸ்லோவேனியா தொடங்கிவிடுகிறது. 1866-இலிருந்து முதல் உலகப் போர் வரை இத்தாலிக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கும் எல்லை இந்த ஆறுதான். வடக்கே மலை, பள்ளத்தாக்கு வழியாக இரவில் குளிர்காற்று இறங்கும். மழையும் இத்தாலியில் இந்தப் பக்கம்தான் மிக அதிகம். மண்ணை உள்ளூரில் பொன்கா என்பார்கள். பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களியும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இருக்கும், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். சரிவுகளில் படி வெட்டித்தான் கொடி நட முடியும். சமவெளியில் இயந்திரத்தை வைத்து அறுவடை செய்பவர்களோடு விலையில் போட்டி போட இந்த ஊரால் ஒருநாளும் முடியாது.

ஸ்கியோப்பெட்டீனோ கொடியும் சொன்னபடி கேட்கும் ரகம் இல்லை. பூத்த நேரத்தில் மழையோ குளிரோ வந்தால் பூ கொட்டிவிடும், கொத்தில் பாதி காய்க்காது. தாமதமாகப் பழுக்கும், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் இலையுதிர்கால மழை பிடித்துக்கொள்ளும். கொத்து ஈரமாகவே கிடந்தால் அழுகல் வரும். அழுகாமலிருக்கக் கொத்தைச் சுற்றியுள்ள இலையைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் வெயில் படும், மிளகு குறையும். கிள்ளாவிட்டால் மிளகு இருக்கும், பழம் இருக்காது. எந்தச் சரிவில் எந்த வரிசைக்கு எத்தனை இலையை விடுவது என்பதற்குப் புத்தகம் கிடையாது. அந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சிறு குடும்பத் தோட்டம் என்பதை விளம்பரக்காரர்கள் உருக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உருக்கம் எதுவும் இல்லை. இந்தத் திராட்சைக்குக் கணக்குப் பார்க்காமல் கையால் உழைக்கிறவர்கள் வேண்டும், அப்படி உழைப்பவர்கள் பெரும்பாலும் சொந்த நிலத்துக்காரர்கள். அவ்வளவுதான்.

இத்தனை சிரமம் தருகிற கொடியை யார் வைத்துக்கொள்வார்கள்? வைத்துக்கொள்ளவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை மொட்டையடித்தது. மறுபடி நடும்போது ஃபிரியூலி விவசாயிகள் மெர்லோ, காபர்நே போன்ற பிரெஞ்சு வகைகளுக்குப் போனார்கள். அவை நிறைய காய்த்தன, சந்தையிலும் பெயர் இருந்தது. பிறகு இரண்டு உலகப் போர்கள், வறுமை, ஊரைவிட்டு வேலை தேடிப் போனவர்கள். ஸ்கியோப்பெட்டீனோ வீட்டுப் புறக்கடையிலும் மற்றக் கொடிகளுக்கு நடுவிலும் ஒன்றிரண்டாக எஞ்சியது.

கடைசி அடி சட்டத்திலிருந்து விழுந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தெந்தத் திராட்சை நடலாம் என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பட்டியல் போட்டபோது, ஊடினே மாவட்டப் பட்டியலில் ஸ்கியோப்பெட்டீனோ இல்லை. பட்டியலில் இல்லாததைப் புதிதாக நடுவது சட்டவிரோதம். நூற்றாண்டுக் கணக்காக அந்த ஊரில் இருந்த கொடி, அந்த ஊரிலேயே சட்டவிரோதமானது.

பாவ்லோ ரப்புட்ஸி ஒலிவெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; அந்தத் தட்டச்சு இயந்திர ஒலிவெட்டிதான். 1970-இல் அவரும் மனைவி டீனாவும் பிரெப்போட்டோவுக்கு உட்பட்ட சால்லா என்ற சிறு பள்ளத்தாக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். உள்ளூர்த் திராட்சை மட்டும்தான் நடுவது என்று முடிவு. இன்று இப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள். அன்று பைத்தியக்காரத்தனம் என்றே கேட்டிருக்கும். ஸ்கியோப்பெட்டீனோவைத் தேடி அக்கம்பக்கமெல்லாம் அலைந்ததில் நூறையொட்டித்தான் கொடிகள் தேறின. அவற்றிலிருந்து குச்சி வெட்டி, வேர்ப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டி, சில ஆயிரம் கன்றுகளாகப் பெருக்கி நட்டார்கள். சட்டம் அனுமதிக்கவில்லை என்று தெரிந்தேதான் நட்டார்கள்.

சக்கை வருவது இங்கே. ஃபிரியூலியிலேயே பெர்கோட்டோ என்ற ஊரில் நொனீனோ குடும்பம் கிராப்பா வடிக்கிறது. கிராப்பா என்பது ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம். அதுவரை எல்லாத் தோட்டத்துச் சக்கையையும் ஒன்றாகக் கொட்டி வடித்து, குளிருக்குக் குடிக்கும் மலிவுச் சரக்காக விற்றார்கள். 1973-இல் பெனீட்டோ, ஜியான்னோலா நொனீனோ தம்பதி பிகோலிட் என்ற ஒரே திராட்சையின் சக்கையைத் தனியாக வாங்கி வடித்தார்கள். அது பேர் எடுத்ததும் மற்ற உள்ளூர்த் திராட்சைகளின் சக்கையையும் தேடினார்கள். திராட்சையே அழிந்துகொண்டிருக்கும்போது சக்கைக்கு எங்கே போவது? 1975-இல் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள், பொன் கொடிக்கன்று என்ற பொருளில் உள்ளூர் மொழிப் பெயருடன். ஸ்கியோப்பெட்டீனோ, பின்யோலோ, டாட்ஸெலெங்கே போன்ற பழைய வகைகளை நடுகிறவர்களுக்குப் பரிசு. 1976-இல் முதல் பரிசு ரப்புட்ஸி தம்பதிக்குப் போனது. அதாவது அரசு நடக்கூடாது என்றதை நட்டதற்காக மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்தார்கள். அதே 1976 மே மாதம் ஃபிரியூலியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது; ஆயிரத்தையொட்டிய மக்கள் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட ஆண்டில்தான் இதுவும் நடந்தது. 1978-இல் ஐரோப்பியச் சட்டம் இறங்கிவந்தது, ஸ்கியோப்பெட்டீனோவை நட அனுமதி கிடைத்தது.

(அந்தப் பரிசோடு பிறகு இலக்கியப் பரிசும் சேர்ந்துகொண்டது. வி. எஸ். நைபால், தாமஸ் டிரான்ஸ்ட்ரோமர், மோ யான் மூவருக்கும் நோபல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நொனீனோ பரிசு போயிருந்தது. சாராயம் காய்ச்சுபவர்களுக்கு இலக்கிய மோப்பம் நன்றாகவே இருக்கிறது.)

ரப்புட்ஸி குடும்பத்தின் தோட்டப் பெயர் ரோங்கி தி சால்லா. முதல் ஸ்கியோப்பெட்டீனோ 1977 அறுவடை. அந்தக் காலத்தில் ஃபிரியூலியில் வழக்கத்தில் இல்லாத பாரிக் எனப்படும் சிறிய ஓக் பீப்பாயில் முதிர வைத்தார்கள். இப்போது மகன்கள் பியர்பாவ்லோவும் இவானும் பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்று நிறையக் குடும்பங்கள் இதைச் செய்கின்றன. வீன்யா பெட்ரூஸா, கிரில்லோ யோலே என்று தேடலாம். 2002-இல் ஊர்த் தயாரிப்பாளர்கள் சங்கம் அமைத்துச் சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு "ஸ்கியோப்பெட்டீனோ தி பிரெப்போட்டோ" என்ற தனிப் பெயருக்குச் சட்ட ஏற்பும் வாங்கிவிட்டார்கள்.

குடித்தால் எப்படி இருக்கும்? நிறம் அடர்த்தி, உடல், அதாவது வாயில் உணரும் கனம், நடுத்தரம். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நிறத்தைப் பார்த்துக் கனமான ஒயினை எதிர்பார்ப்பார்கள். வாயில் வைத்தால் இளக்கமாக, நல்ல புளிப்போடு போகும். மூக்கில் நாவற்பழ நிறத்துக் காட்டுப் பெர்ரிகள், வயலட் பூ, அதன்மேல் அப்போதுதான் இடித்த மிளகு. தூளாக்கி டப்பாவில் வைத்த மிளகின் மக்கிய வாசனை இல்லை, அம்மியில் இரண்டு தட்டுத் தட்டியதும் எழும்புமே அது. ஆல்கஹால் பெரும்பாலும் 13 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நல்ல ஆண்டுச் சரக்கு பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். பழ வாசனை அடங்கி உலர்ந்த இலை, பதனிட்ட தோல் வாசனையெல்லாம் வந்த பிறகும் மிளகு மட்டும் லேசில் விட்டுப்போகாது.

இனி, மிளகு போலத் தோன்றி ஏமாற்றும் மணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் காசு வீணாவது இங்கேதான்.

ஒன்று, பீப்பாய். புது ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டித்தான் தயார் செய்வார்கள். அந்த மரத்திலிருந்து யூஜெனால் ஒயினில் இறங்கும். கிராம்புக்கு மணம் தருவது அதே யூஜெனால்தான். கூடவே வெனிலா, தேங்காய், புகை. "ஸ்பைசி" என்று பெரிய நிறுவனங்களின் பாட்டிலில் எழுதியிருப்பது பெரும்பாலும் இது. கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் திராட்சையையும் எந்த ஊரிலும் புதுப் பீப்பாயில் போட்டால் இது வரும். மலிவுச் சரக்கில் பீப்பாய்கூட இல்லாமல் ஓக் சில்லுகளைப் பையில் கட்டித் தொட்டியில் ஊறவைத்தும் வரவழைக்கலாம், சட்டமும் அனுமதிக்கிறது. கிராம்பும் வெனிலாவும் சேர்ந்து இனிப்பாக மணந்தால் மரம். வறண்டு, குளிர்ந்து, மூக்கைச் சுருக்கென்று தொட்டால் திராட்சை.

இன்னொன்று, பிரெட்டனோமைசெஸ் என்ற காட்டு ஈஸ்ட். பழைய பீப்பாயில் குடியேறிவிட்டால் கிளப்புவது கடினம். கொஞ்சமாக இருந்தால் கிராம்பும் புகையும் கலந்த மணம், அதிகமானால் குதிரை லாயம். சிறு குடும்பத் தோட்டங்களின் ரசிகர்கள் சிலர் இதை "மண்ணின் மணம்" என்று கொண்டாடுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பக்கத்து ஊர்த் தோட்டத்திலும், பிரான்சிலும், சிலியிலும் அதே ஈஸ்ட் அதே வாசனையைத்தான் தரும். அதில் எந்த மண்ணும் இல்லை. சிறிய தோட்டம் என்பதற்காகச் சுத்தமில்லாத பீப்பாயை மன்னிக்க வேண்டியதில்லை.

உங்கள் பாட்டில் ஃபிரியூலியில் வாங்கியதில்லை என்றால் வேறு சில வாய்ப்புகள் உண்டு. வடமேற்கு இத்தாலியில், பரோலோ என்ற பேர்போன ஒயின் விளையும் அதே லாங்கே குன்றுகளில் வெர்டூனோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெலாவெர்கா என்ற திராட்சை. ஒயின் வெளிறிய சிவப்பு, ஸ்ட்ராபெர்ரியும் வெள்ளை மிளகும் மணக்கும், கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்கலாம். இதுவும் 1970-களில் அழிவிலிருந்து மீட்டதுதான். காஸ்டெல்லோ தி வெர்டூனோ, ஜி. பி. புர்லோட்டோ இரண்டும் நம்பி வாங்கக்கூடிய பெயர்கள். பரோலோ விலையைப் பார்த்து மிரண்டவர்கள் இதை முயன்று பார்க்கலாம். இன்னும் வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கட்டினாரா, போக்கா பக்கம் வெஸ்போலீனா. அதை வழக்கமாக நெபியோலோ என்ற திராட்சையுடன் கொஞ்சமாகக் கலப்பார்கள். தனியாக வடித்த பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். அஸ்தி நகருக்குப் பக்கத்தில் காஸ்தான்யோலே மொன்ஃபெராட்டோவின் ருக்கேயில் ரோஜாவோடு மசாலா மணம் வரும்; 1960-களில் ஊர்ப் பங்குத்தந்தை ஜாக்கொமோ காவுதா அதைத் தனி ஒயினாக வடித்துப் பிரபலமாக்கினார், 2010-இல் இத்தாலிய ஒயினுக்கான மிக உயர்ந்த சட்டத் தகுதியான டி.ஓ.சி.ஜி.யும் கிடைத்தது. மார்க்கே மாநிலத்து லாக்ரிமா தி மோரோ தால்பாவையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள், ஆனால் அதில் பூ வாசனைதான் மேலோங்கி நிற்கும். மிளகு தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்.

வாங்கும்போது அட்டையின் முன்பக்க வர்ணனையை விட்டுவிட்டுத் திராட்சையின் பெயரையும் ஊரின் பெயரையும் பாருங்கள். ஸ்கியோப்பெட்டீனோ என்று மட்டும் இருந்தால் ஃபிரியூலியின் வேறு பகுதிச் சமவெளியில் விளைந்ததாகவும் இருக்கலாம். பிரெப்போட்டோ அல்லது சால்லா என்ற சொல் கூடவே இருந்தால் மலைச்சரிவு நிச்சயம். பின்பக்கம் பாட்டிலில் அடைத்தவர் யார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். "இன்டெக்ரால்மென்டே ப்ரொடொட்டோ எ இம்பொட்டில்யாட்டோ" என்று தொடங்கித் தோட்டத்தின் பெயர் வந்தால், திராட்சை வளர்த்ததும் பிழிந்ததும் அடைத்ததும் அவர்களே. வெறும் "இம்பொட்டில்யாட்டோ தா" என்று மட்டும் இருந்தால் அடைத்தவர் அவர், விளைவித்தவர் யாரோ. பாட்டில் மூடியின் மேலுறையில், தலையில் திராட்சைக் கூடை சுமக்கும் ஆளின் சின்னம் சில தோட்டங்களில் இருக்கும். 2008-இல் தொடங்கிய சுதந்திரத் திராட்சை விவசாயிகள் கூட்டமைப்பான ஃபிவியின் சின்னம் அது. சொந்தமாக விளைவித்து, சொந்தமாக வடித்து, சொந்தமாக அடைப்பவர்கள்தான் அதில் உறுப்பினராக முடியும். சின்னம் இல்லாத நல்ல தோட்டங்களும் உண்டு, ஆனால் கடையில் குழம்பி நிற்கும்போது உதவும்.

ஆண்டையும் பாருங்கள். மிளகுதான் வேண்டும் என்றால் "அபார வெயில், அருமையான ஆண்டு" என்று கடைக்காரர் புகழ்வதைவிட, கொஞ்சம் குளிர்ந்து மழை பெய்த ஆண்டு உங்களுக்குப் பொருந்தும். விலையும் அதில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இந்தியாவில் தேடுகிறீர்கள் என்றால் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டு ஒயினுக்கு நீண்ட காலமாகச் சுங்கவரியே 150 சதவீதமாக இருந்துவந்தது, அதற்குமேல் மாநில வரி; இந்த நிலையில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில் அடைக்கிற தோட்டத்தின் சரக்கை யாரும் இறக்குமதி செய்யத் துணிவதில்லை. ஐரோப்பா, சிங்கப்பூர் பக்கம் போகிற உறவினரிடம் சொல்லி வைப்பதுதான் நடைமுறை.

வீட்டில் குடிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள், வெப்பம். 16 டிகிரி அளவில் ஊற்ற வேண்டும். நம்மூர் அறை வெப்பத்தில், 30 டிகிரியில், ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும், மிளகு அதற்குள் மறைந்துவிடும். குடிப்பதற்கு முன் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். வாய் அகன்ற பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

துணைக்கு என்ன? ஃபிரியூலியில் மோண்டாசியோ பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வாட்டிய ஃபிரீக்கோ, வாத்து, காட்டுப்பன்றி இறைச்சி, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு இவற்றோடு குடிப்பார்கள். மிளகு மணக்கிறதே என்று நம்மூர் மிளகு வறுவலைக் காரசாரமாகச் செய்து முன்னால் வைத்துவிடாதீர்கள். வாயில் சூட்டை உணரும் நரம்பு வாசல் ஒன்று இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதைத்தான் தட்டுகின்றன, ஆல்கஹாலும் அதையே தூண்டுகிறது. மூன்றும் கூடினால் எரிச்சல்தான் மிஞ்சும், ஒயினின் நுணுக்கம் எதுவும் தெரியாது. மிளகாயைத் தவிர்த்து, மிளகைக் கடைசியில் லேசாக இடித்துத் தூவிய ஆட்டு ஈரல், நெய்யில் புரட்டிய காளான், கனமான வெங்காயக் குழம்பில் வெந்த கறி இவை நன்றாகப் போகும். சைவம் என்றால் சேனைக்கிழங்கை வாட்டி எடுத்து உப்பும் மிளகும் மட்டும் போட்டுப் பாருங்கள். மீதமிருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். இந்தத் திராட்சையின் புளிப்பு அதுவரை அதைக் காப்பாற்றும்.